சோறு பூசிய முரசுகள்

வெந்த சோற்றோடு புளிய விறகின் சாம்பலைச் சேர்த்து இடிக்கும்போது ஒரு மணம் எழும். பாதி ஈரச் சுண்ணாம்பின் நெடி, பாதி சோற்றுப்பானையின் ஆவி. அந்த மணத்தோடுதான் அந்தப் பிற்பகல் என் நினைவில் நிற்கிறது.

வடசேரியில் ஒரு சங்கீத சபையின் கொட்டகை. மேடைக்குப் பின்புறம் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் என் தாயார் எஸ்தர் சிறு கல்லுரலில் அந்தப் பசையை இடித்துக்கொண்டிருந்தார். அருகே என் தந்தையார் தமது முரசுகளின் நடுவில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்.

நடுவில் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. பொன்முலாம் பூசிய மரச்சட்டம் ஒன்று இடுப்பளவு உயரத்தில் வட்டமாக நிற்கும். அதன் உட்புறத்தில் இருபத்தொரு முரசுகள் தொங்கும். பெரியது குடத்தளவு, சிறியது இளநீர்க் காயளவு. வாசிப்பவர் அந்த வட்டத்துக்குள் அமர்ந்து, உடம்பைத் திருப்பித் திருப்பி விரல்களால் தட்டுவார். ஒவ்வொரு முரசும் ஒரு சுரம். பர்மியர் அதைப் பட்வைங் என்பர். ஒவ்வொரு தோலின் நடுவிலும் அந்தச் சோற்றுப் பசையைக் கூட்டியும் கிள்ளியும் அவர்கள் சுருதி சேர்ப்பார்கள்.

சபையின் செயலாளர் அந்த நேரத்தில் அங்கு வந்தார். அவர் ஒரு வக்கீல். உரலுக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது என்னது? சோறாக்குமே!”

“ஆமாங்க. முரசுக்குப் பூசுகதுக்கு” என்றார் என் தாயார்.

“மேடையில ஏத்தவா? வெளக்கு வச்ச மேடையாக்கும் அது. சாமி படம் இருக்கு. இதுக்குப் பொறவு பாடுகதுக்கு வித்வான் அந்த எடத்துலதான் உக்காரணும். பத்தையெல்லாம் மேடையில கொண்டு ஏத்தப்பிடாதுன்னு தெரியாதா?”

பத்து என்பது எங்கள் ஊர்ச் சைவ வீடுகளில் பெரிய விஷயம். வெந்த சோற்றைத் தொட்ட கை கழுவப்படாமல் வேறொன்றைத் தொடலாகாது. சோறு பட்ட இடம் துடைக்கப்படவேண்டும். அரிசிக்கு அந்தத் தீட்டு இல்லை, மாவுக்கும் இல்லை. வெந்தால்தான் தீட்டு.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, மிருதங்கக்காரரு ரவை மாவுதானே பிசைஞ்சு ஒட்டுகாரு? ஒங்கப்பாவும் அதையே ஒட்டட்டும். முடியாதுன்னா மூட்டையக் கட்டச் சொல்லும்.”

அவருடைய பெயரை இங்கு எழுதமாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். அவர்கள் எனக்குத் தீங்கு செய்தவர்கள் அல்லர்.

ஒரு வரிப் பொய்

இத்தொடரில் இதுவரை என் தந்தையாரைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதும் எண்ணமும் இருக்கவில்லை. குடும்பத்துப் பெருமையைக் கடைவீதிக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடித்தமான காரியம் அன்று.

ஆனால் சென்ற மாதம் அந்தச் சபையின் ஆண்டுமலர் ஒன்று என் கைக்கு வந்தது. பழைய கச்சேரிகளை நினைவுகூரும் கட்டுரையில் ஒரு வரி: “பர்மாக்காரர் ஒருவரின் முரசுக் கச்சேரி, சுருதி நிற்காமையால் பாதியில் நிறுத்தப்பட்டது.”

பர்மாக்காரர் ஒருவர். சுருதி நிற்காமையால். இந்த இரண்டையும் படித்ததும் பேனாவை எடுத்தேன். நான் கல்லூரியில் பயின்றவன், கல்லூரியில் பயிற்றுவித்தவன். கண்ணால் காணாததை எழுதும் வழக்கம் எனக்கில்லை. அன்று அந்த மேடையின் பக்கவாட்டில் நின்றவன் நான். அந்த வரி பொய்.

முதலில் பெயர். அவருக்குப் பெயர் இருந்தது: ஊ பா மவுங். இதில் ‘ஊ’ என்பது மரியாதை. தகுதியும் வயதும் உடையவர்களுக்குப் பர்மியர் சூட்டும் அடைமொழி. எங்கள் ஊர் அதை முதல் வாரத்திலேயே வெட்டி எறிந்தது. பிறகு மீதியையும் எறிந்துவிட்டுப் ‘பர்மாக்காரன்’ என்றது. ஒரு மனிதன் கடல் கடந்து வந்தால் அவனுடைய பெயர் கப்பலிலேயே தங்கிவிடும் என்று இவர்கள் நினைத்தார்கள் போலும்.

ஏன் வந்தார்

பிழைப்புத் தேடி வந்தவர் என்று சிலர் நினைத்தனர். அதையும் திருத்திவிடுகிறேன்.

என் தாயாரின் தகப்பனார் நாகர்கோவிலிலிருந்து ரங்கூனுக்கு மருத்துவமனை எழுத்தராகப் போனவர். தாயார் அங்கேயே பிறந்தார். அங்கே ஆலய இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவரை, பகோடாத் திருவிழாக்களில் தலைமை முரசுக்காரராக வாசித்துப் பெயர்பெற்றிருந்த என் தந்தையார் மணந்தார். அவர் வாசிக்கும் இரவுகளில் ஜனங்கள் அந்தியிலேயே பாய் கொண்டுவந்து இடம் பிடிப்பார்கள். அந்தப் பாய்களின் மீது நடந்துதான் நான் வளர்ந்தேன்.

பிறகு துறைமுகத்தில் தமிழ், தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியருக்கும் கலகம் மூண்டது. எங்கள் தெருவுக்கு வெட்டுக்கத்தியோடு வந்தவர்கள் என் தாயாரின் முகத்தைத் தேடி வந்தார்கள். அவர்கள் என் தந்தையாரின் சொந்த மக்கள். அவருடைய வாசிப்புக்குப் பாய் விரித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர் வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் பேசி, அவர்களைத் திருப்பி அனுப்பினார். உள்ளே வந்து சட்டத்தின் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்.

“எங்கே போவோம்?” என்று கேட்டேன்.

“உன் அம்மாவின் முகம் எல்லாருக்கும் இருக்கிற ஊருக்கு” என்று பர்மிய மொழியில் சொன்னார்.

கப்பலில் சென்னை, ரயிலில் திருநெல்வேலி, அங்கிருந்து பஸ்ஸில் ஆரல்வாய்மொழி. அந்நாளில் அது திருவிதாங்கூர் ராஜ்யத்தின் எல்லை. சாவடியில் மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்கள். முரசுக்குள் புகையிலை கடத்துகிறோம் என்று அவர்களுக்கு ஐயம். சேவகர் ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட ஒவ்வொன்றும் வேறு வேறு ஓசை தந்தது. நாலாவது முரசுக்குப் பிறகு அவர் சோதிப்பதை மறந்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“எண்ணே, இங்க வந்து கேளும், இது பாடுகு!” என்று உள்ளே இருந்தவரை அழைத்தார்.

இந்த நாட்டில் என் தந்தையாரின் முரசை முதலில் மதித்தவர் பெயர் தெரியாத அந்தச் சேவகரே. பிறகு வந்த படித்தவர்களைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

பேசாத படமும் பேசிய படமும்

நாகர்கோவிலில் என் தாய்மாமன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. மாமா கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எழுத்தர். ஆலயத்தில் முன்வரிசை. புத்த சமயத்து முரசுக்காரர் ஒருவர் தங்கை கணவராக வாய்த்தது அவருக்குச் செரிக்கவில்லை. ஜெப நேரத்தில் முரசு வட்டத்தின்மேல் பழைய கம்பளியைப் போர்த்திவைக்கச் சொல்வார், அது கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

அப்போது ஊரில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. படங்கள் பேசாதவை. திரைக்குக் கீழே ஓர் ஆர்மோனியமும் ஒரு தபலாவும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. என் தந்தையார் போய் ஒரு மாலை வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து கொட்டகையில் மழை பெய்தால் முரசில் பெய்தது. குதிரை ஓடினால் முரசில் ஓடியது. கதாநாயகி கிணற்றில் விழும் காட்சியில் பெரிய முரசிலிருந்து சிறிய முரசு வரை வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவார். பெண்கள் பக்கத்தில் ‘ஐயோ’ என்று ஒரே குரல் எழும்.

பகலில் அவர் இந்நாட்டுச் சங்கீதத்தைக் கற்றார். நாகசுரம் கேட்பதற்காகவே கோயில் மதிலுக்கு வெளியே நிற்பார். உள்ளே போக உரிமையில்லாதவர் என்பதால் வெளியே. மோகனமும் அதை ஒத்த ராகங்களும் அவர் கைக்கு எளிதாக வந்தன. கமகம் வரவில்லை. அதற்காக விரலால் தட்டிக்கொண்டே உள்ளங்கையால் தோலை அழுத்தி நெகிழ்த்தும் ஒரு வழியைத் தாமே கண்டுபிடித்தார். நடுவயதில் புதிய நாட்டின் காதுக்கேற்பத் தம் கைகளைத் திரும்பவும் பழக்கிய அந்த உழைப்பை இந்த ஊரில் எந்த வித்வான் செய்திருக்கிறார்?

பிறகு படங்கள் பேசத் தொடங்கின. கொட்டகைக்காரர் அவரை அனுப்பிவிட்டார்.

மாமா அந்த நாளுக்காகக் காத்திருந்தவர். தோட்டத்தில் ரப்பர்ப் பாலை ஆசிட் விட்டு உறையவைக்கும் கொட்டிலில் வேலை பார்த்துவைத்தார். ஓர் ஆண்டு அந்த ஆசிடில் கை வைத்தால் விரல் நுனி மரத்துப்போகும். மரத்த விரலால் சுரம் பார்க்க முடியாது.

அந்நிலையில்தான் சபையின் கச்சேரி கிடைத்தது. திருவனந்தபுரம் அரண்மனையில் வாத்தியக்காரர்களை அமர்த்தும் அதிகாரி ஒருவர் அன்று முன்வரிசையில் அமர்வார் என்று சொல்லப்பட்டிருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் என் தந்தையார் சாகும்வரை கலைஞர். இல்லையென்றால் கீரிப்பாறை.

செயலாளர் உரலுக்குள் எட்டிப் பார்த்தபோது எங்கள் நிலை இது.

மாவு

செயலாளர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் என் தந்தையாருக்கு மொழிபெயர்த்தேன். அவர் கையிலிருந்த பசை உருண்டையைப் பார்த்தார்.

“மாவு காயும்” என்றார் தமிழில். அவருடைய தமிழில் வினைமுற்றுகள் தடுமாறும், பொருள் தடுமாறாது. “சாம்பல் இருந்தா ஈரம் நிக்கும். மாவு காயும். விளக்கு சூடு.”

“மிருதங்கத்துக்கு மட்டும் காயாதோ?” என்றார் வக்கீல்.

காயும். மிருதங்கக்காரர் ஒரு முகத்தில் ஒட்டியிருக்கும் மாவை இடையிடையே தண்ணீர் தொட்டு நனைத்துக்கொள்வார். இருபத்தொரு முகங்களை யார் நனைப்பது? இதை நான் எடுத்துச் சொன்னேன். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

என் தந்தையார் என்னிடம் பர்மிய மொழியில், “அவர்கள் வீடு, அவர்கள் முறை. முயன்று பார்க்கிறேன்” என்றார். எழுந்து, அந்த முரசுகளிலிருந்த சோற்றையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார். என் தாயார் இடித்த பசையைப் பித்தளைத் தூக்கில் போட்டு மூடினார். எறிய மனம் வரவில்லை.

படுதா

மேடையின் இருபுறமும் காஸ் விளக்குகள். அவற்றின் சீற்றம் சுருதிப்பெட்டிக்குப் போட்டியாக இருந்தது. என் தந்தையார் மோகனத்தில் தொடங்கினார்.

தொடக்கம் எப்படி இருந்தது என்பதை அந்த மலர் எழுதியவர் கேட்டிருக்கவேண்டும். கொட்டகையில் விசிறிகள் நின்றன. முன்வரிசை அதிகாரி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

பிறகு விளக்குப் பக்கத்து முரசுகள் காய்ந்தன. காய்ந்த மாவு உதிர்ந்தது. எடை குறைந்ததும் சுரம் மேலே ஏறியது. என் தந்தையார் விரலை நனைத்துத் தொட்டார்; ஒன்றைச் சரிசெய்வதற்குள் மூன்று ஏறின. வாசிப்பது பாதி, நனைப்பது பாதி என்று ஆயிற்று.

“ஏலே மக்கா, பர்மாக்காரன் கொட்டுக்குத் தண்ணி காட்டுகான் பாத்தியா!”

“பசுவுக்குக் காட்டுனாலும் பாலு தரும்லே!”

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. என் தந்தையார் கையை எடுத்தார். பெண்கள் பக்கம் திரும்பி, என் தாயாரைப் பார்த்துப் பர்மிய மொழியில் ஒரே சொல் சொன்னார்: “சோறு.”

என் தாயார் எழுந்தார். அத்தனை பேர் நடுவில், பித்தளைத் தூக்கோடு மேடையேறினார். அவரும் என் தந்தையாருமாக ஒவ்வொரு முரசிலும் பசையை ஒட்டலானார்கள்.

“படுதாவ எறக்குலே! எறக்கு!” என்று செயலாளர் கத்தினார்.

படுதா இறங்கியது.

நான் பக்கவாட்டில் நின்றதால் இரண்டு பக்கங்களும் எனக்குத் தெரிந்தன. படுதாவுக்கு இப்பால் செயலாளர் அதிகாரியின் நாற்காலிக்குக் குனிந்து, “சுருதி நிக்கல்ல சார்... அந்நியன்... மன்னிக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். படுதாவுக்கு அப்பால் என் தந்தையார் கடைசி முரசைத் தட்டிப் பார்த்து, தலையசைத்து, விட்ட இடத்திலிருந்து மோகனத்தைத் தொடர்ந்தார்.

முழுவதும் வாசித்தார். ஒரு சுரம் விலகவில்லை. எதிரே சீலை; ஒரு முகமும் அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் பகோடாத் திருவிழாவில் வாசிப்பதுபோல வாசித்தார். கொட்டகை முழுவதும் கேட்டது. அதிகாரிக்கும் கேட்டது, தாளத்துக்கு அவருடைய கால்விரல் அசைந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் செயலாளர் காட்டிய வழியில், சிற்றுண்டி வைத்திருந்த அறைக்கு எழுந்து போனார். கேட்ட காதைவிடச் சொன்ன வாய்க்கு மதிப்புக் கொடுத்த அந்தப் பெரியமனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நாங்கள் முரசுகளை இறக்கிய பிறகு மேடையில் சாணம் கரைத்துத் தெளித்தார்கள். அது காயும்வரை வித்வான் காத்திருந்தார்.

மறுநாள்

காலையிலேயே மாமா அறை வாசலில் நின்றார்.

“மாப்பிள, கொட்டு போதும். தொரைட்ட சொல்லியாச்சு. திங்கக்கெழமை பஸ் ஏறுங்க.”

“அண்ணா, அந்த ஆசிடுல வச்சா இந்த வெரலு பொறவு எதுக்கு ஆவும்?” என்றார் என் தாயார்.

“நேத்து எதுக்கு ஆச்சு ஏட்டி? ஊரே சிரிச்சுது. ஆலயத்துல எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?”

“ஒம் மூஞ்சிய நீ எங்க வேணும்னாலும் வச்சுக்க. அவரு கைய நான் தரமாட்டேன்.”

இந்தப் பேச்சின் நடுவே படியேறி வந்தார் கோட்டாற்று வியாபாரி மீரான் சாகிபு. அவரை எங்களுக்குத் தெரியாது. வெள்ளை மல் சட்டை, அத்தர் மணம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“ஊ பா மவுங் இருக்காவளா?”

நாகர்கோவிலில் அந்த ‘ஊ’வை வேறொருவர் வாயால் நான் கேட்டது அதுவே முதல்முறை. என் தந்தையார் எழுந்து நின்றார்.

“பர்மாவுல, மோல்மீன்ல எனக்குப் பத்து வருசம் கடை” என்றார் சாகிபு. “உங்க வாசிப்பு கேக்க நான் பாய் சுருட்டிக்கிட்டு வந்திருக்கேன். நேத்தும் வந்தேன், பின்வரிசையில. படுதா எறங்குன பொறவுதான் எனக்கு மோல்மீன் தெரிஞ்சுது. எம் மவளுக்கு அடுத்த மாசம் நிக்காஹ். நீங்க வந்து வாசிக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பசைக்குப் பச்சரிசிச் சோறா, புழுங்கலா? எங்க வீட்டுல ரெண்டும் பொங்கும்.”

என் தாயார் சிரித்துவிட்டார். மாமா வெளியே போனார். திங்கட்கிழமை பஸ் என் தந்தையார் இல்லாமலே கீரிப்பாறைக்கு ஏறியது.

கோட்டாற்றுப் பந்தல்

அந்த நிக்காஹ் பந்தலில் என் தந்தையார் மாலை முழுவதும் வாசித்தார். குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் வந்திருந்த வியாபாரிகள் அங்கேயே தங்கள் வீட்டுக் காரியங்களுக்கு அவரை அழைத்தார்கள். கடைசிவரை அவர் முரசுக்காரராகவே வாழ்ந்தார். அரண்மனை இல்லாமலே.

அந்தப் பந்தலில் நம் செயலாளரும் இருந்தார். சாகிபுவின் வழக்குகள் அவரிடம் இருந்தன, வராமல் முடியாது. பன்னீரும் சந்தனமும் மட்டும் ஏற்றுக்கொண்டு முன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். வாசிப்பு முடிந்ததும் எழுந்து வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

“பா மவுங்! இன்னைக்கு உமக்கு சுருதி நல்லா நின்னுதே! அன்னைக்கு என்னமோ பெசகிப் போச்சு, என்ன?”

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். என் தந்தையார் இரு கைகளையும் கூப்பினார். நான் கூப்பவில்லை.

“அன்னைக்கும் நின்னுது சார்” என்றேன். “நீங்க படுதாவ எறக்குன பொறவும் நின்னுகிட்டுத்தான் இருந்துது. நீங்களும் கேட்டீங்க.”

அவருடைய சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் பெரிதாயிற்று. “காலேஜு பேசுகு!” என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சொன்னார். அவரும் சிரித்தார். செயலாளர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

என் தந்தையார் பசையைக் கிள்ளி எடுத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், தம் மொழியில் சொன்னார்: “விட்டுவிடு. அவருக்குத் தெரியும். அது போதும்.”

போதவில்லை. தெரிந்தவர் சாகும்வரை வாய் திறக்கவில்லை. என் தந்தையார் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. இந்த ஒன்றைத் தட்டுகிறேன்.